பேச்சுக்கு முன்னே வரும் விரல்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் ஐந்து மணிபோல பாண் வண்டி வரும். வண்டி வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். பக்கத்து ஃப்ளாட்டில் ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன பெண் பிள்ளை ஒன்று இருக்கிறது. பாட்டு கேட்டதும் தாயின் இடுப்பில் இருந்தபடியே அந்தப் பக்கம் திரும்பும். விரலை நீட்டும். உடனே தாயின் முகத்தைப் பார்க்கும், பிறகு மறுபடியும் கீழே பார்க்கும். "ஓம் குஞ்சு, பாண் மாமா வாறார்" என்று தாய் சொன்னதும் ஒரு சிரிப்பு. இவ்வளவும் நடந்து முடிய மூன்று, நாலு விநாடிதான் ஆகும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் "அம்மா"வைத் தவிர வேறு சொல் வராது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பல்கனியில் என் தங்கையின் மகனைத் தூக்கிக்கொண்டு இதே நேரத்தில் நான் நின்றிருக்கிறேன். அவனுக்கு அப்போது இரண்டு வயதும் நாலு மாதமும். ஒரு சொல்லும் இல்லை. பாட்டு கேட்டால் அவனும் திரும்புவான், ஆனால் வண்டியின் சக்கரம் சுற்றுவதை மட்டும்தான் பார்ப்பான். "அங்க பார், பாண்!" என்று நான் கையை நீட்டினால் என் விரல் நுனியைப் பார்ப்பான், அல்லது பார்க்கவே மாட்டான். "நீங்களும் பார்த்தீங்களா?" என்று கேட்பது போலத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பது மட்டும் அவனிடம் இருக்கவில்லை. வீட்டில் எல்லோரும் அவன் கதைக்கவில்லையே என்றுதான் கவலைப்பட்டோம். கவனிக்க வேண்டிய விஷயம் அதற்கு ஒரு படி முன்னால் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறேழு மாதமாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முன்படிக்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். ஒரு பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதும், சேர்ந்து பார்க்கிறோம் என்பதை இரண்டு பேரும் அறிந்திருப்பதும்தான் அது. பிள்ளை ஒரு முனை, நீங்கள் ஒரு முனை, பொருள் மூன்றாவது முனை. எங்கள் வீடுகளில் நிலாக் காட்டிச் சோறு ஊட்டுவார்களே, அதில் நடப்பது இதுதான். அம்மா நிலாவைக் காட்டுகிறாள். பிள்ளை அண்ணாந்து பார்க்கிறது, பிறகு அம்மாவைப் பார்க்கிறது, வாயைத் திறக்கிறது. சோறு உள்ளே போவதோடு "நிலா" என்ற சொல்லும் போகிறது.

பேச்சுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு பிள்ளை யன்னலில் இருக்கும் காகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் "காகம்" என்றால் அந்தச் சொல் காகத்தில் ஒட்டும். பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் யன்னலைக் காட்டிக் "காகம்" என்றால் சொல் அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் பிள்ளையின் காதில் விழுகின்றன. எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்று பிள்ளை கண்டுபிடிப்பது, பெரும்பாலும் சொல்கிறவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பின்தொடர்ந்துதான். குழந்தைகள் பெரியவர்களின் பார்வையைப் பின்தொடர்வதை ஸ்கைஃப், புரூனர் என்ற இரு உளவியலாளர்கள் 1975இல் பரிசோதித்து எழுதினார்கள். 1986இல் டொமசெல்லோவும் ஃபராரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் பிள்ளை அதை எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளையின் கவனத்தை வேறு பக்கம் இழுத்து அங்கே ஒரு பெயரைச் சொன்னால் அந்தளவுக்குப் பிடிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால், இதை வைத்திருங்கள்.

விரல் நீட்டுவதிலும் இரண்டு வகை உண்டு. எலிசபெத் பேட்ஸ் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970களில் இதைப் பிரித்துச் சொன்னார்கள். ஒன்று கேட்பதற்கு: அலுமாரிக்கு மேலே இருக்கும் பிஸ்கட் டின்னைக் காட்டினால் "அதை எடுத்துத் தா" என்று அர்த்தம். மற்றது காட்டுவதற்கு: கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது விரலை நீட்டினால் ரயிலை எடுத்துத் தா என்று அர்த்தமில்லை, "பார், எவ்வளவு நல்லா இருக்கு!" என்று அர்த்தம். இந்த இரண்டாவது விரல் எதையும் கேட்பதில்லை, தான் கண்டதைப் பகிர்கிறது. ஓட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு விதமாக இருக்கும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளைகளிடம் பெரும்பாலும் பிந்தி வருவதும் குறைவாக இருப்பதும் இந்த விரல்தான்.

என் தங்கை மகனிடம் அப்போது இரண்டு விரலுமே இல்லை. அவனுக்கு யோகட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான், ஃப்ரிட்ஜ் கதவில் என் கையைக் கொண்டுபோய் வைப்பான். கதவு திறக்கும்வரை என் கையைத்தான் பார்ப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். "எவ்வளவு கெட்டிக்காரன் பார், தேவையானதை எடுப்பித்துக்கொள்கிறான்" என்று நாங்கள் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டது பிழையில்லை. அதுவும் தொடர்புகொள்ளும் ஒரு வழிதான், அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வயது தாண்டியும் கைபிடித்து இழுப்பது மட்டுமே இருக்கிறது, விரலும் இல்லை, முகத்தைப் பார்ப்பதும் இல்லை என்றால் அது ஒரு அறிகுறி.

"ஆம்பிளைப் பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும். இவன்ட அப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்று அப்பம்மா சொன்னார். இதைச் சொல்லாத அப்பம்மா கொழும்பில் இருக்க மாட்டார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, சில பிள்ளைகள் பிந்திப் பேசத் தொடங்கிப் பிறகு சமனாகிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளை அப்படி வரும், எந்தப் பிள்ளைக்கு இப்போதே உதவி வேண்டும் என்பதைச் சொற்களை எண்ணி மட்டும் சொல்ல முடியாது.

இரண்டு வயதாகியும் பேசாத மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பிள்ளைக்குச் சொல் இல்லை, ஆனால் விரல் நீட்டும், தலையாட்டும், "செருப்பை எடுத்துக்கொண்டு வா" என்றால் எடுத்து வரும், கண்டதையெல்லாம் கொண்டுவந்து காட்டும். இது பேச்சு மட்டும் பிந்திய பிள்ளையாக இருக்கலாம். இரண்டாவது பிள்ளை முகத்தை நன்றாகப் பார்க்கும், சைகையும் செய்யும், ஆனால் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் சில நேரம் திரும்பாது, டிவி சத்தத்தைக் கூட்டும்படி சைகையால் கேட்கும். இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது காதை. மூன்றாவது பிள்ளைக்குச் சொல்லும் இல்லை, காட்டுவதும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் திரும்பாது, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்யும். ஓட்டிசமா என்று பார்க்க வேண்டியது இங்கே. உண்மையில் பிள்ளைகள் இப்படிக் கோடு போட்டுப் பிரிந்து நிற்பதில்லை, இரண்டும் மூன்றும் கலந்தே இருக்கும். அதனால் யாராக இருந்தாலும் காதுச் சோதனை முதலில். பாண் வண்டிப் பாட்டுக்குத் திரும்புகிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. பெரிய சத்தம் கேட்கும் காதுக்கு "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். எங்கள் பிள்ளைக்கும் சோதித்தோம். காதில் பிழையில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததைப் பற்றி யோசிக்கவே முடிந்தது.

வயதுக் கணக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் மழலையும் கையசைத்தல், விரல் நீட்டுதல் போன்ற சைகையும் இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் "பால் தா" போலத் தானாகச் சேர்க்கும் இரண்டு சொற்கள் இல்லை என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இருந்த சொற்களோ சிரிப்போ சைகையோ குறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். தங்கை முதலில் போன இடத்தில் "மூன்று வயதுவரை பொறுத்துப் பாருங்கள்" என்றார்கள். பொறுத்தோம். இன்றைக்கும் அது எனக்கு மனக்குறைதான்.

சரி, ஏன் இப்படி ஆனது? இந்தக் கேள்வியைத் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டே அவர்களைக் கரைத்துவிடுகிறோம். லியோ கானர் என்ற வைத்தியர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து ஓட்டிசம் தனியாக அறியப்பட்டது. அதன் பிறகு பல வருஷம், தாயின் அன்பு போதாததால் வருவது என்றே பெரிய படிப்புப் படித்தவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பிழை. மூளை வளரும் விதத்தில் பிறப்பிலிருந்தே இருக்கும் வேறுபாடு அது, பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தடுப்பூசியாலும் வருவதில்லை. அப்படிச் சந்தேகம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றுக்கொண்டது. வேலைக்குப் போகும் தாய், கர்ப்பத்தில் சாப்பிட்ட சாப்பாடு, செய்வினை, கிரகம் எதுவும் காரணமில்லை.

ஃபோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபோன் பார்த்ததால் ஓட்டிசம் வந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனால் பிள்ளையும் ஃபோனும் சேர்ந்தால் இரண்டு முனைதான், உங்களுக்கு அங்கே இடமில்லை. சேர்ந்து பார்க்கப் பழக வேண்டிய பிள்ளையிடமிருந்து அந்த நேரத்தை ஃபோன் எடுத்துக்கொள்கிறது. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். நாலாம் மாடி ஃப்ளாட்டில், முற்றமும் இல்லாமல், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்திலிருந்து மட்டும் முதலில் ஃபோனை எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில்தான் முகம் முகத்துக்கு நேரே இருக்கும்.

இனி வீட்டில் என்ன செய்வது? நாங்கள் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். "சொல்லு ராசா, பாண் சொல்லு, பா...ண்" என்று நாள் முழுக்கக் கேட்டோம். வந்தவர் போனவர் எல்லோரும் "இது என்ன? அது என்ன நிறம்? மாமிக்குச் சொல்லிக் காட்டு" என்று கேட்டார்கள். பிள்ளைக்கு அது வீடாக இருக்கவில்லை, பரீட்சை மண்டபமாக இருந்தது. "தண்ணி எண்டு சொன்னாத்தான் தருவன்" என்று பிடித்து வைத்ததும் உண்டு. அவன் கத்தி அழுதான், சொல் வரவில்லை. பிறகு ஒரு ஸ்பீச் தெரப்பிஸ்ட் தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவரை உங்கட விளையாட்டுக்கு இழுக்காதீங்க அம்மா. நீங்க அவற்ற விளையாட்டுக்குள்ள போங்க."

அவனுடைய விளையாட்டு, பொம்மை ஓட்டோவைத் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவது. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து அதை அரை மணித்தியாலம் பார்ப்பான். அதுவரை நாங்கள் அதைப் பறித்து ஒளித்து வைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத் தங்கை ஒஃபிஸ் சாரியோடேயே அவனுக்கு எதிரே தரையில் படுத்தாள். அவன் சக்கரத்தைச் சுற்றும்போது "சுத்துது, சுத்துது" என்றாள். சக்கரம் நின்றதும் "நிண்டுட்டுது" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் தானும் ஒரு தடவை சுற்றினாள், விரலைச் சக்கரத்தில் வைத்தபடி நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவன் அவள் கையைத் தள்ளினான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு "சுத்து!" என்று சுற்றிவிட்டாள். ஒவ்வொரு நாளும் பத்து, பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ, சக்கரம் நின்றது. தங்கை வாய் திறக்காமல் இருந்தாள். அவன் சக்கரத்தைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி சக்கரத்தைப் பார்த்தான். ஒரு விநாடிதான். நான் குசினி வாசலில் கரண்டியோடு நின்றேன். "சுது" என்ற சொல் அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து வந்தது. ஆனால் எங்களுக்கு அவன் கதைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இதில் கடினமான பகுதி காத்திருப்பது. ஒன்றைச் செய்து நிறுத்திவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். எங்களுக்கு மூன்றுக்கு மேல் பொறுக்காது, நாங்களே சொல்லிவிடுவோம். பிள்ளை பதில் சொல்லத் தயாராகும் நேரத்தில் அதன் முறையை நாங்கள் பறித்துவிடுகிறோம். அடுத்தது, கேள்வியைக் குறைத்து, நடப்பதைச் சொல்வது. "இது என்ன?" என்பதற்குப் பதிலாக "நாய்... நாய் ஓடுது." சொல்லே இல்லாத பிள்ளைக்கு ஒரு சொல், ஒரு சொல் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சொல். பிள்ளை நிற்கும் படிக்கு ஒரு படி மேலே நின்றால் போதும்.

பிள்ளைக்குப் பிடித்த முறுக்கை மூடி இறுகின தெளிவான போத்தலில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் கொண்டுவந்தால், தருவதற்கு ஒரு காரணமும் பார்ப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். போத்தலை நீட்டினாலே போதும், "திற" என்று சொல்லிக்கொண்டு திறந்து கொடுங்கள், வாயால் சொல்லும்வரை பிடித்து வைக்க வேண்டாம். சாமான் ஒன்றும் வேண்டாத விளையாட்டுகளும் உண்டு. துவாயால் முகத்தை மூடி "எங்க பிள்ளை?" என்று கேட்டு "இந்தா!" என்று திறப்பது, மடியில் வைத்து ஆட்டிச் சட்டென்று நிறுத்துவது. நிறுத்தும் இடத்தில்தான் பிள்ளை உங்களைத் தேடும்.

"என்னைப் பார்" என்று நாடியைப் பிடித்துத் திருப்பாதீர்கள். ஓட்டிசம் உள்ள பலருக்கு நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது, வளர்ந்த பிறகு அவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து பார்க்கும் விதம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஒரு பிள்ளை கடைக்கண்ணால் பார்க்கும், இன்னொன்று பொருளைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்துவிட்டுப் போகும், இன்னொன்று முதுகை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு பார்க்கும். எல்லாமே கணக்கில் சேரும். எங்கள் பிள்ளைக்கு இப்போது நாலு வயதும் நாலு மாதமும். மூன்று சொல் சேர்த்துச் சொல்கிறான். பாண் வண்டி வந்தால் இன்றைக்கும் சக்கரத்தைத்தான் முதலில் பார்க்கிறான். நாங்களும் இப்போது சக்கரத்தைத்தான் முதலில் பார்க்கிறோம்.

படஅட்டையோ சைகையோ பழக்கினால் பிள்ளை கதைக்க மாட்டாது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகளில் அப்படி வரவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளையையும் அடக்காதீர்கள். "தண்ணி வேணுமா?" என்று பிள்ளை சொன்னால், அது "தண்ணி வேணும்" என்பதாக இருக்கலாம்.

கொழும்பில் இன்னொரு குழப்பம் மொழி. வீட்டில் தமிழ், கீழே விளையாடும் பிள்ளைகளோடு சிங்களம், மொண்டிசோரியில் ஆங்கிலம். "மூன்று பாஷை கேட்டுத்தான் பிள்ளை குழம்பிப் போச்சு, ஆங்கிலம் மட்டும் கதையுங்க" என்று அறிவுரை வரும். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ ஓட்டிசமோ வருவதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். உங்களுக்கு எந்த மொழியில் செல்லம் கொஞ்ச வருமோ, எந்த மொழியில் யோசிக்காமல் வாயில் வருமோ, அந்த மொழியில் கதையுங்கள். அம்மம்மாவுக்குத் தமிழ்தான் வருமென்றால், தமிழை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு அம்மம்மாவே இல்லாமல் போய்விடுவார்.

எங்கே போவது? முதலில் கிளினிக். பிள்ளை பிறந்ததும் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் ஊசித் திகதிகள் மட்டுமில்லை, எந்த வயதில் எதைச் செய்ய வேண்டும் என்ற பக்கங்களும் இருக்கின்றன. மிட்வைஃபிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிக் கேளுங்கள். ஓட்டிசம் இருக்கலாமா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதும் பரிசோதனைகளில் உலகம் முழுக்கப் பயன்படுவது எம்-சாட் என்பது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, திருத்திய வடிவத்தில் இருபது கேள்விகள். விரல் நீட்டுகிறதா, கொண்டுவந்து காட்டுகிறதா, நீங்கள் காட்டிய பக்கம் பார்க்கிறதா என்பவையெல்லாம் அதில் உண்டு. அது முடிவு சொல்லாது, மேலும் பார்க்க வேண்டுமா என்றுதான் சொல்லும். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆயதி நிலையம் இருக்கிறது. ஸ்பீச் தெரப்பிஸ்ட்மாரைப் பட்டப்படிப்பில் பயிற்றுவிப்பதும் அதே மருத்துவ பீடம்தான்.

தமிழில் வேலை செய்யும் தெரப்பிஸ்ட்மார் குறைவு. காத்திருக்க வேண்டி வரும், ஆனால் காத்திருக்கும் மாதங்கள் வீணாகப் போக வேண்டியதில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், விசேட நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீடுகளில் பெற்றோருக்குப் பழக்கினார்கள். பெற்றோர் பிள்ளையின் கவனத்தோடு ஒத்துப்போவது கூடியது, பிள்ளைகள் தாமாகவே தொடர்புகொள்வதும் கூடியது. நம்மைப் போன்ற வீடுகள்தான் அவை.

நாள் கிடைத்ததும் கையில் இரண்டு விஷயம் கொண்டு போங்கள். ஒன்று, ஒற்றையில் ஒரு குறிப்பு: என்ன சொற்கள் சொல்கிறது, எது வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறது, எதைக் கண்டால் சந்தோஷப்படுகிறது, கடைசியாக எப்போது உங்களுக்கு ஒன்றைக் காட்டியது. இரண்டாவது, ஃபோனில் மூன்று நிமிஷ வீடியோ. வைத்தியரின் அறையில் பிள்ளை பயந்து ஒன்றுமே செய்யாது, வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று கேட்டு எடுக்க வேண்டாம், பிள்ளை தன் பாட்டில் விளையாடும்போது, தரையில் இருந்து அதன் முகம் தெரிய எடுங்கள்.